வரப்பில் செத்துக் கிடக்கும் வெட்டுக்கிளி

அம்பத்தூரிலிருந்து செங்குன்றம் போகும் சாலையில் இருக்கிறது கள்ளிக்குப்பம். வயல்கள் மனைகளாகி, மனைகள் வீடுகளாகிவிட்ட புறநகர். இன்னும் கட்டடம் எழும்பாத காலி மனைகளில் எருக்கு மண்டிக் கிடக்கும். மழை பெய்து செடி தழைத்த நாட்களில் அந்த எருக்கை நின்று பார்த்தால், மஞ்சளும் கருநீலமும் பட்டை பட்டையாகத் தீட்டியது போன்ற விரல் நீள வெட்டுக்கிளிகள் இலையைக் கடித்துக்கொண்டிருப்பது தெரியும். ஆள் நெருங்கினாலும் அவசரப்பட்டுத் தாவுவதில்லை. இளம் பூச்சியைக் கையில் பிடித்தால் முதுகுப் பக்கத்திலிருந்து ஒரு திரவத்தைப் பீய்ச்சும். எருக்கம்பாலில் உள்ள, இதயத்தைத் தாக்கும் நச்சுகளைத் தன் உடம்பிலேயே சேர்த்து வைத்துக்கொள்ளும் பூச்சி இது. பொய்க்கிலோசெரஸ் பிக்டஸ் என்பது இதன் அறிவியல் பெயர். நாம் எருக்கு வெட்டுக்கிளி என்றே சொல்லலாம்.

இந்தப் பூச்சி ஒரு முறை தமிழ்நாட்டையே பதற வைத்தது. 2020 மே மாதம் பாலைவன வெட்டுக்கிளிக் கூட்டங்கள் ஜெய்ப்பூர் நகரத்துக்குள் புகுந்த படங்கள் எல்லோருடைய கைப்பேசியிலும் ஓடிக்கொண்டிருந்தன. அந்த மாதக் கடைசியில் கிருஷ்ணகிரி மாவட்டம் நேரலகிரியில் எருக்கஞ்செடிகளிலும் வாழையிலும் வெட்டுக்கிளிகள் கூட்டமாகத் தென்பட்டன. ராஜஸ்தானில் வந்தது இங்கேயும் வந்துவிட்டது என்று பேச்சு பரவியது. வேளாண் அதிகாரிகள் போய்ப் பார்த்து, இவை உள்ளூர் வெட்டுக்கிளிகள், பயப்பட வேண்டாம் என்றார்கள். பாலைவன வெட்டுக்கிளி எதிரில் கிடைக்கும் பச்சையை எல்லாம் மேய்ந்துவிட்டுக் காற்றோடு பறந்துபோகும் இனம். எருக்கு வெட்டுக்கிளி பெரும்பாலும் எருக்கை விட்டு நகராது. எருக்கில் இருக்கும் வரை அதை யாரும் கொல்ல வேண்டியதில்லை என்பது என் உறுதியான கருத்து.

ஆனால் அந்த நாட்களில் எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான்: எந்த மருந்தை அடிப்பது? வட மாநிலங்களில் மாலத்தியானை அடித்தார்கள். ஒரு மாநிலத்தின் பயிரே அழியும் நிலையில் அதைக் குறை சொல்ல முடியாது. கூட்டம் வந்து இறங்கிய பிறகு வேறு வழி குறைவு. அதற்கு முன்பே செய்யக்கூடிய ஒன்று உண்டு என்பதைத்தான் இங்கே சொல்ல வருகிறேன். வெட்டுக்கிளிகளைப் பிடித்துத் தின்றே பிழைக்கும் பூஞ்சைகள் மண்ணில் இருக்கின்றன. அவற்றில் ஒன்றை வளர்த்து, எண்ணெயில் கலந்து, விமானத்திலிருந்து தெளித்து வெட்டுக்கிளியை அடக்கும் வேலை ஆஸ்திரேலியாவில் 20 ஆண்டுகளுக்கு மேலாக நடந்து வருகிறது.

பூச்சிக்கு நோய் தரும் பாக்டீரியாவோ வைரஸோ பெரும்பாலும் வாய் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். பூச்சி அதைத் தின்றாக வேண்டும். பூஞ்சைக்கு அந்தக் கட்டாயம் இல்லை, மேலே பட்டாலே போதும். மெட்டாரைசியம் என்ற பூஞ்சையை எடுத்துக்கொள்வோம். இதன் வித்து ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு நீளம்கூட இல்லாதது. வெட்டுக்கிளியின் தோலில் மெழுகுப் பூச்சு உண்டு. தண்ணீர் ஒட்டாத அந்த மெழுகில், தானும் தண்ணீர் ஒட்டாத மேற்பரப்பு கொண்ட வித்து நன்றாக ஒட்டிக்கொள்கிறது. சில மணி நேரத்தில் முளைவிடுகிறது. முளையின் நுனி தடித்து ஒரு குமிழாகித் தோலை இறுகப் பற்றுகிறது. அந்தக் குமிழுக்குள் அழுத்தம் ஏறுகிறது. கூடவே கொழுப்பையும் புரதத்தையும் கைட்டினையும் கரைக்கும் நொதிகள் கசிகின்றன. தோலைக் கரைப்பதும் துளைப்பதும் ஒரே நேரத்தில் நடந்து பூஞ்சை உள்ளே இறங்குகிறது.

உள்ளே போனதும் அதன் வடிவம் மாறிவிடுகிறது. நீண்ட இழையாக வளராமல், குட்டையான துண்டுகளாகப் பிரிந்து பூச்சியின் ரத்தத்தில் மிதந்து பெருகுகிறது. பூச்சிக்கும் நோய் எதிர்ப்புச் செல்கள் உண்டு. அந்நியமான ஒன்றைக் கண்டால் அவை சூழ்ந்து மூடிவிடும். மெட்டாரைசியம் தன் மேல் ஒரு புரதப் போர்வையைச் சுரந்து போர்த்திக்கொண்டு அந்தச் செல்களின் கண்ணில் படாமல் தப்புகிறது. மூன்று நான்கு நாட்களில் வெட்டுக்கிளியின் தீனி குறையத் தொடங்கும். தாவல் தளரும். தளர்ந்ததைப் பறவைகள் கொத்திக்கொண்டு போகும். மிஞ்சியது ஒன்று இரண்டு வாரங்களில் சாகும். காற்றில் ஈரம் இருந்தால் செத்த உடம்பின் கணுக்களிலும் மடிப்புகளிலும் முதலில் வெள்ளை இழைகள் எட்டிப் பார்க்கும். பிறகு உடம்பு முழுக்கக் கறிவேப்பிலைப் பொடி தூவினது போலப் பச்சை படரும். அந்தப் பச்சை முழுக்க வித்துகள்.

வெட்டுக்கிளியும் சும்மா இருப்பதில்லை. பூஞ்சை தொற்றிய வெட்டுக்கிளி வழக்கத்தைவிட அதிக நேரம் வெயிலில் போய் உட்கார்ந்துகொள்கிறது. பூச்சிக்கு நம்மைப் போல உடம்புக்குள்ளிருந்து சூடு கிடையாது. அது தனக்கான காய்ச்சலை வெயிலிடமிருந்து வாங்கிக்கொள்கிறது. உடம்புச் சூட்டை 40 டிகிரி வரை ஏற்றிக்கொண்டால் பூஞ்சையின் வளர்ச்சி நின்றுபோகும், ஏனென்றால் மெட்டாரைசியத்துக்குப் பிடித்த வெப்பம் 30 டிகிரிக்கு அருகில். பகலெல்லாம் காய்ச்சல், இரவில் சூடு தணிந்ததும் பூஞ்சை மறுபடி வளர்வது என்று அந்தச் சின்ன உடம்புக்குள் பல நாள் போராட்டம் நடக்கிறது. காய்ச்சல் சாவைத் தள்ளிப்போடுகிறது, பெரும்பாலும் தடுத்துவிடுவதில்லை. சென்னையின் மே மாத வெயிலில் இந்தப் பூஞ்சையைத் தெளித்துவிட்டு ஒரு வாரத்தில் பலனை எதிர்பார்ப்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்த வெயில் வெட்டுக்கிளியின் பக்கம் நிற்கிறது.

பூச்சியைப் பூஞ்சையால் கொல்லும் எண்ணம் பழையது. இத்தாலியில் பட்டுப்புழுக்கள் வெள்ளை பூத்துச் செத்ததை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்த அகோஸ்டினோ பாஸ்ஸி, அதற்கு ஒரு பூஞ்சைதான் காரணம் என்று 1835ல் எழுதினார். நுண்ணுயிரால் ஒரு விலங்குக்கு நோய் வரும் என்று நிறுவியதில் அவர் லூயி பாஸ்டருக்கும் ராபர்ட் காக்குக்கும் முந்தியவர். அவர் பெயரால்தான் அந்தப் பூஞ்சை பவேரியா பேசியானா ஆயிற்று. உரக்கடைகளில் இன்று பாக்கெட்டாக விற்கும் அதே பவேரியா. 1879ல் ஒடெஸ்ஸாவில் கோதுமையைத் தின்னும் வண்டுகளில் பச்சைப் பூஞ்சையைக் கண்ட மெட்ச்னிகாஃப், இதை வளர்த்து வயலில் போட்டால் என்ன என்று யோசித்தார். நோய் எதிர்ப்பு ஆராய்ச்சிக்காகப் பின்னாளில், 1908ல், நோபல் பரிசு பெற்றவர் அவர். அவர் காட்டிய வழியில் உக்ரைனின் ஸ்மேலாவில் ஒரு சிறு தொழிற்கூடமே நடந்தது.

வெட்டுக்கிளிக்கு இதைச் செய்யப்போய் ஏமாந்த கதையும் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் தென்னாப்பிரிக்காவில், கிரஹாம்ஸ்டவுன் பாக்டீரியா ஆய்வுக்கூடம் ஒரு பூஞ்சையைக் குழாய்களில் வளர்த்து விவசாயிகளுக்குக் கொடுத்தது. வேறு நாடுகளும் வாங்கிப் பார்த்தன. நம்பத்தக்க பலன் கிடைக்கவில்லை. அது வெட்டுக்கிளியைக் கொன்ற பூஞ்சை அன்று, செத்த வெட்டுக்கிளியின் மேல் வந்து முளைத்த சாதாரண ம்யூக்கர் இனப் பூஞ்சை என்பது பிறகு தெளிவாயிற்று. நோயைத் தந்தது எது, பிணத்தின் மேல் வந்தது எது என்று பிரித்தறியாமல் உற்பத்தியில் இறங்கியதுதான் தவறு. இன்றும் இந்தத் துறையில் முதல் பாடம் இதுதான்.

அதன் பிறகு ரசாயனங்கள் வந்தன. வெட்டுக்கிளிக்கு டைல்ட்ரின் என்ற கொடிய மருந்தை அடித்தார்கள். ஒரு முறை தெளித்தால் வாரக்கணக்கில் மண்ணிலும் செடியிலும் தங்கிக் கொல்லும். அதனாலேயே அது கைவிடப்பட்டது. 1980களின் கடைசியில் ஆப்பிரிக்காவில் பாலைவன வெட்டுக்கிளி பெருகியபோது லட்சக்கணக்கான ஹெக்டேரில் மற்ற ரசாயனங்கள் கொட்டப்பட்டன. அந்தக் கவலையில் பிறந்ததுதான் 1989ல் தொடங்கிய லுபிலோசா திட்டம். பெனினில் உள்ள பன்னாட்டு வேளாண் ஆய்வு நிலையமும் பிரிட்டனில் உள்ள கேபி (CABI) ஆய்வு நிறுவனமும் மேற்கு ஆப்பிரிக்க அமைப்புகளோடு சேர்ந்து 12 ஆண்டுகளுக்கு மேல் இதில் உழைத்தன.

அவர்களுக்கு முன்னால் ஒரு பெரிய தடை இருந்தது. பூஞ்சை வேலை செய்ய ஈரம் வேண்டும் என்பது அன்றைய நம்பிக்கை. வெட்டுக்கிளி பெருகுவதோ பாலைவன ஓரத்தில். இந்த முடிச்சை அவிழ்த்தது எண்ணெய். லுபிலோசாவுக்குச் சற்று முன்பே, பப்புவா நியூ கினியில் கொக்கோச் செடியின் கூன்வண்டுக்குப் பவேரியா வித்துகளைத் தண்ணீரில் கலப்பதைவிடத் தேங்காய் எண்ணெயில் கலந்து தெளித்தால் நன்றாகக் கொல்கிறது என்று கிறிஸ் பிரையர் குழுவினர் கண்டிருந்தார்கள். எண்ணெய் பூச்சியின் மெழுகுத் தோலில் பரவி, மடிப்புகளுக்குள் வித்தைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறது. அங்கே வித்துக்கு வேண்டிய ஈரம் கிடைத்துவிடுகிறது. வெளியே காற்று வறண்டிருந்தாலும் பரவாயில்லை. ஒரு ஹெக்டேருக்கு, அதாவது ஏறக்குறைய இரண்டரை ஏக்கருக்கு, சுமார் 50 கிராம் வித்து போதும் என்ற அளவுக்கு வந்தார்கள். அந்த வித்தையும் அரிசியில்தான் வளர்த்தார்கள். வேகவைத்துக் கிருமி நீக்கிய அரிசியில் பூஞ்சையை விதைத்தால் நாளடைவில் பச்சை பூத்துவிடும், உலர்த்திச் சலித்து எடுக்க வேண்டியதுதான். நம் ஊர் ஆய்வகங்களிலும் ஏறக்குறைய இதே முறை.

அப்படி வந்ததுதான் 'கிரீன் மசில்'. இதே காலத்தில் ஆஸ்திரேலியா தன் மண்ணின் பூஞ்சையிலிருந்து 'கிரீன் கார்ட்' என்ற தயாரிப்பை உருவாக்கியது. ரசாயனம் அடிக்க முடியாத இயற்கைப் பண்ணைகளிலும் நீர்நிலை ஓரங்களிலும் அங்கே அதைத் தெளிக்கிறார்கள். 2009ல் தான்சானியாவில் சிவப்பு வெட்டுக்கிளிக்கும், 2020ல் சோமாலியாவில் பாலைவன வெட்டுக்கிளிக்கும் பூஞ்சை தெளிக்கப்பட்டது. சோமாலியாவின் தேர்வு எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஆடு, மாடு, ஒட்டக மேய்ச்சலை நம்பி வாழும் நாடு அது. மேய்ச்சல் நிலத்தில் நஞ்சு விழக் கூடாது என்ற கவலையில், மெதுவாகக் கொல்லும் பூஞ்சையை அவர்கள் பெரிய அளவில் எடுத்துக்கொண்டார்கள்.

இந்தப் பூஞ்சைக்கு இப்போது மெட்டாரைசியம் அக்ரிடம் என்று பெயர். முன்பு இதை மெட்டாரைசியம் அனிசோப்லியேயின் ஒரு வகையாகக் கருதினார்கள், 2009ல்தான் தனி இனமாகப் பிரித்தார்கள். இந்தப் பிரிவினை நம் விவசாயிகளுக்கு நேராகத் தொடர்புள்ளது. நம் ஊர் உரக்கடைகளில் மெட்டாரைசியம் என்று கேட்டால் கிடைப்பது அனிசோப்லியே. எருக்குழியில் காண்டாமிருக வண்டின் புழுக்களைக் கொல்லத் தென்னை விவசாயிகள் போடுவது அதைத்தான். பல வகைப் பூச்சிகளைத் தாக்கும் பொதுவான பூஞ்சை அது. அக்ரிடமோ குறுங்கொம்பு வெட்டுக்கிளிகளை மட்டுமே குறிவைக்கும். இரண்டையும் ஒன்றென்று நினைத்து, ஆப்பிரிக்காவில் கிடைத்த பலனை இங்கே பாக்கெட்டிலிருந்து எதிர்பார்த்து ஏமாந்துவிட்டு, 'பூஞ்சை எல்லாம் வேலைக்கு ஆகாது' என்று சொல்லக் கூடாது.

குறிவைத்துக் கொல்வது ஏன் முக்கியம் என்பதை நெல் வயலில் பார்க்கலாம். கள்ளிக்குப்பத்திலிருந்து மேற்கே, ஆவடியைத் தாண்டினால் திருவள்ளூர் மாவட்டத்தில் இன்னும் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று நெல் நடவு நடக்கிறது. அந்த வயல்களில் இரண்டு விதமான வெட்டுக்கிளிகள் உண்டு. உணர்கொம்பு குட்டையாக இருப்பது நெல் இலையை ஓரத்திலிருந்து கத்தரித்துத் தின்னும். ஹைரோகிளைபஸ், ஆக்சியா இனங்கள் இந்தக் கூட்டம். உணர்கொம்பு உடம்பைவிட நீளமாக நூல் போல இருப்பது கோனோசெஃபாலஸ். இலையை இது கொஞ்சம் கடிக்கும்தான். ஆனால் தண்டுத் துளைப்பானின் முட்டைக் குவியலைத் தேடித் தின்பதும் இதுவே. நெல்லின் பெரிய எதிரியைக் கருவிலேயே அழிக்கும் நண்பன். வெட்டுக்கிளி என்று ரசாயனம் அடித்தால் இரண்டும் சேர்ந்தே போகும். முட்டை தப்பும், தண்டுத் துளைப்பான் பெருகும், அதற்கு இன்னொரு மருந்து வாங்க வேண்டிவரும். குறுங்கொம்பை மட்டும் கொல்லும் பூஞ்சையால் இந்தச் சங்கிலி தொடங்காது.

திருவள்ளூர் மாவட்டத்துத் திரூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. டி.கே.எம். 6 அங்கே பிறந்த ரகம். தண்டுத் துளைப்பானைத் தாங்கும் அதன் குணத்துக்காகப் பிலிப்பைன்ஸின் பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம் அதைப் பெற்றோராக எடுத்து ஐ.ஆர். 20ஐ உருவாக்கியது. அந்த ஐ.ஆர். 20ஐத்தான் நம் தாத்தாக்கள் போட்டிபோட்டு நட்டார்கள். இந்த வட்டாரத்து மண்ணிலிருந்து எடுத்த ஒன்று உலகத்துக்குப் பயன்பட்டிருக்கிறது என்பதற்காக இதைச் சொல்கிறேன். விதைக்கு நடந்தது பூஞ்சைக்கும் நடக்கலாம்.

அதற்கு முன், கையில் கிடைக்கும் மெட்டாரைசியத்தையோ பவேரியாவையோ பயன்படுத்துபவர்களுக்குச் சில வார்த்தைகள். பாக்கெட்டில் இருப்பது உயிர். தகரக் கூரைக் கடையில் ஒரு கோடையைக் கழித்த பாக்கெட்டில் வெறும் டால்க் பவுடர்தான் மிஞ்சியிருக்கும். பதிவு எண், தயாரித்த தேதி, கிராமுக்குக் குறைந்தது 10 கோடி உயிருள்ள வித்து என்ற விவரம் ஆகியவை உறையில் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள். புற ஊதாக் கதிர் வித்தைச் சில மணி நேரத்தில் கொன்றுவிடும், அதனால் வெயில் சாய்ந்த பிறகு தெளியுங்கள். குலை நோய்க்கு அடிக்கும் பூஞ்சைக்கொல்லியோடு கலக்காதீர்கள், ஒரே வாரத்தில் இரண்டையும் அடிக்கவும் வேண்டாம். முசுக்கொட்டைத் தோட்டம் பக்கத்தில் இருந்தால் பவேரியாவைத் தொடவே கூடாது. பாஸ்ஸியின் பட்டுப்புழுவைக் கொன்ற அதே பூஞ்சை அது. வெட்டுக்கிளி சிறகு முளைக்காத குஞ்சாக இருக்கும்போதே தெளித்தால்தான் பலன். அதைவிட எளிய வேலை ஒன்று உண்டு: கோடையில் வரப்பைச் சீவுவது. ஹைரோகிளைபஸ் மண்ணில் இட்ட முட்டைக் கூடுகள் வெளியே வந்து வெயிலில் காயும், மைனாவும் கொக்கும் பொறுக்கித் தின்னும்.

மழைக்காலத்தில் வயலோரம் நடப்பவர்கள் வேறொரு பூஞ்சையின் வேலையையும் காணலாம். என்டோமோஃபாகா கிரில்லை என்ற பூஞ்சை தொற்றிய வெட்டுக்கிளி சாகும் முன் செடியின் உச்சிக்கு ஏறும். தலையை மேல் நோக்கி வைத்து, கால்களால் தண்டை இறுகக் கட்டிக்கொண்டு உயிர்விடும். அவ்வளவு உயரத்திலிருந்து வித்துகள் கீழே மேயும் கூட்டத்தின் மேல் விழும். செத்த பிறகும் பிடி விடாது, காற்றடித்தாலும் உதிராது. பூச்சியின் நடத்தையையே தன் பரவலுக்கு ஏற்றபடி மாற்றும் இந்தப் பூஞ்சை வெட்டுக்கிளிக் கூட்டங்களை இயற்கையாகவே சரித்துவிடக் கூடியது. ஆனால் இதை அரிசியில் வளர்க்க முடியாது என்பதால் பாக்கெட்டுக்குள் வரவில்லை. 1990 வாக்கில் இதன் ஆஸ்திரேலிய உறவுப் பூஞ்சையை அமெரிக்காவின் வட டகோட்டாவில் கொண்டுபோய் விட்டார்கள். பயிரைத் தொடாத உள்ளூர் வெட்டுக்கிளிகளையும் அது அழித்துவிட்டால் என்ன செய்வது என்று பூச்சியியலாளர் ஜெஃப்ரி லாக்வுட் கடுமையாக எதிர்த்தார். அவர் எழுப்பிய கேள்வி சரியானது என்றே நினைக்கிறேன். வேறு கண்டத்திலிருந்து பூஞ்சையை இறக்குவது குறுக்கு வழி. இங்கேயே இருப்பதைத் தேட வேண்டும்.

தேடினால் கிடைக்குமா? கிரீன் மசிலுக்கு மூலம் 1988ல் நைஜரில் செத்துக் கிடந்த ஒரு வெட்டுக்கிளி. கிரீன் கார்டுக்கு மூலம் 1979ல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் செத்துக் கிடந்த ஒரு வெட்டுக்கிளி. இரண்டு இடத்திலும் யாரோ ஒருவர் குனிந்து அதை எடுத்திருக்கிறார். ஆய்வகத்தில் வளர்த்து, மறுபடி நல்ல வெட்டுக்கிளியில் தொற்றவைத்து, அதே நோயால் சாகிறதா என்று சோதித்து, பிறகே அதை மருந்தாக்கினார்கள். கிரஹாம்ஸ்டவுனில் விட்டுப்போன படி அதுதான்.

மண்ணில் இந்தப் பூஞ்சைகள் பூச்சிக்காக மட்டும் காத்திருப்பதில்லை. மெட்டாரைசியம் செடிகளின் வேரோடு ஒட்டி வாழ்கிறது. தான் கொன்ற பூச்சியின் உடம்பிலிருந்து எடுத்த தழைச்சத்தை வேருக்குக் கொடுக்கிறது என்று 2012ல் கனடா ஆய்வாளர்கள் அவரைக் குடும்பச் செடியிலும் ஒரு புல்லிலும் காட்டினார்கள். பயிரைத் தின்ற பூச்சி, பூஞ்சை வழியாகப் பயிருக்கே உரமாகத் திரும்புகிறது. இப்படிப்பட்ட ஒன்று நம் வரப்புகளில் என்ன வடிவத்தில், எந்த வெப்பத்தைத் தாங்கி வாழ்கிறது என்று ஊர் ஊராகப் பட்டியல் எடுக்க வேண்டும். 40 டிகிரி வெயிலில் பழகிய திருவள்ளூர் மண்ணின் பூஞ்சை, வெட்டுக்கிளியின் காய்ச்சலையும் தாங்கக்கூடியதாக இருக்கலாம். அதைக் கூட்டம் வந்த பிறகு தேடிப் பயனில்லை, வராத ஆண்டுகளில் தேடி வைக்க வேண்டும்.

விவசாயிகளுக்கும், காலி மனையோரம் நடக்கப் போகிறவர்களுக்கும், பள்ளிப் பிள்ளைகளை வயலுக்கு அழைத்துப் போகும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். செடி உச்சியைக் கட்டிப்பிடித்துச் செத்திருக்கும் வெட்டுக்கிளியையோ, உடம்பில் பச்சை அல்லது வெள்ளை பூத்த வெட்டுக்கிளியையோ கண்டால் விட்டுவிட்டு வராதீர்கள். வெறும் கையால் தொடாமல் ஒரு காகித உறையில் போடுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டால் வியர்த்து வேறு பூஞ்சைகள் முளைத்துவிடும். உறையின் மேல் தேதி, ஊர், எந்தச் செடியில் இருந்தது என்ற மூன்றையும் எழுதுங்கள். நிழலில் வைத்திருந்து, திரூரில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலோ, உங்கள் ஊருக்கு அருகில் பூச்சியியல் துறை உள்ள எந்த வேளாண் கல்லூரியிலோ கொண்டுபோய்க் கொடுங்கள்.